சைட் காரில் மாமனார்

சென்ற வாரம் ஆயுத பூஜையன்று பெங்களூர் ரேஸ் கோர்ஸ் பக்கத்து மேட்டில் ஒரு காட்சியை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்ட ஒரு மோட்டார் சைக்கிள். அதை வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போன ஒரு மனிதன். பக்கத்து சைட் காரில் சரிகைத் தலைப்பாகையும் மூடிய கோட்டுமாக, விரித்த குடையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்.

தள்ளியவன் நான். உட்கார்ந்திருந்தவர் என் மாமனார். பார்த்தும் ஒரு கை கொடுக்காமல் சிரித்துவிட்டுப் போனவர்களுக்கு இந்தப் பத்தியின் மூலமாக என் நமஸ்காரம்!

என் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார சார்ஜென்ட் என் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி அது. யுத்தத்தில் அடிபட்டது என்றார். எந்தப் பக்கத்துக்காகச் சண்டை போட்டது என்று அவர் சொல்லவில்லை. என்னோடு அது நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் எதிரிப் பக்கம் என்றுதான் தோன்றுகிறது.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். வண்டி ரிப்பேரெல்லாம் என் கையாலேயேதான். ஏன், மெக்கானிக் கிடையாதா? இருக்கிறார். ஆனால் அவர் ரிப்பேர் செய்தால் வண்டி ஓடும், அவ்வளவுதான். நானே செய்தால் மர்பி டவுனில் எங்கள் தெரு முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடிவிடும். பக்கத்து வீட்டு அந்தோணிசாமி — மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர் — நின்றபடியே, "சார், கார்புரேட்டர்தான்" என்பார். டயரில் காற்று இல்லாவிட்டாலும் அவருக்குக் கார்புரேட்டர்தான்.

சொந்த ரிப்பேரில் ஒரு விசேஷம் உண்டு. கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி முடித்ததும் ஏதாவது ஒன்று மிச்சமாகும். ஒரு நட்டு, ஒரு வாஷர், ஒரு ஸ்பிரிங்... எங்கிருந்து வந்தது? தெரியாது. அது இல்லாமலும் வண்டி ஓடுகிறதே! ஆக, அதைச் செய்த கம்பெனிக்காரன் தேவையில்லாமல் போட்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அவற்றை ஓர் ஊறுகாய் ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன். ஜாடி பாதி நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் அதிலிருந்தே ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் செய்துவிடலாம்.

இப்படி மிச்சமான ஒரு நட்டால்தான் வினை வந்தது.

இரண்டு மாதம் முன்பு என் மனைவி கமலத்தை சைட் காரில் உட்காரவைத்து ஜீவனஹள்ளிப் பக்கம் போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். வீட்டுக்கு ஒரு ஹார்மோனியம் வாங்க வேண்டும் என்றேன். பதில் இல்லை. சரி, சம்மதம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பாட்டு வரும் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள் என்றேன். அதற்கும் மறுப்பு இல்லை. கல்யாணமானதிலிருந்து அவள் இவ்வளவு ஒத்துப்போனதே கிடையாதே என்று சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தால்... சைட் காரே இல்லை!

நல்ல தூரம் பின்னால், ஒரு களத்தில், ராகிக் குவியலுக்கு நடுவே சைட் கார் குத்திக்கொண்டு நின்றது. அதற்குள் கமலம் தலை நிறைய ராகியோடு உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஹார்மோனியம் பேச்சை அப்புறம் நான் எடுக்கவே இல்லை.

விஷயம் மைசூருக்குப் போயிற்று. என் மாமனார் மைசூர் சமஸ்தானத்தில் அமில்தாராக இருந்து ரிட்டையரானவர். ஒரு தாலூகாவையே கட்டி ஆண்டவர். அவர் தீர்ப்புச் சொன்னால் எங்கள் குடும்பத்தில் அப்பீல் கிடையாது. "பூஜையன்று வருகிறேன். வண்டியை நானே தணிக்கை செய்கிறேன்" என்று கார்டு போட்டுவிட்டார்.

"அப்பா வித்துடச் சொன்னா மறுபேச்சு இல்லாம வித்துடணும், ஆமா" என்றாள் கமலம்.

சிரிக்காதீர்கள். அந்த வண்டி மேல் எனக்கு உயிர். வகுப்பில் பையன்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. ஹெட்மாஸ்டர் கேட்பதில்லை. வண்டியும்தான் கேட்பதில்லை. ஆனால் எப்போதாவது ஒரு காலை, கப்பன் ரோட்டில், பனி விலகும் நேரம், அது மக்கர் பண்ணாமல் தடதடவென்று ஓடும்போது நான் சரித்திர வாத்தியார் இல்லை — சரித்திர புருஷன்! அதைப் போய் விற்பதா?

எப்படியும் மாமனார் மனசைக் குளிரவைப்பது என்று முடிவு செய்தேன். மகா பக்திமான் அவர். ஆகவே பூஜைக்கு முந்தின நாளே வண்டியைப் பிரித்து, ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, துடைத்து, மறுபடியும் பூட்டினேன். ஒரே ஒரு வாஷர்தான் மிச்சம். என் அனுபவத்தில் அது ஒரு சாதனை.

பூஜையன்று விடியற்காலையில் குளித்துவிட்டுப் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். ஹாண்டில் பாருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, பெட்ரோல் டாங்குக்கு ஒன்று. அப்போது ஒரு யோசனை. எல்லாப் பொட்டும் வெளித் தகரத்துக்கே போகிறதே! உள்ளே இருந்துகொண்டு உழைக்கிறதே மாக்னெட்டோ — பொறியை உண்டாக்குவது அதுதானே? — அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? எந்த ஆபீஸிலும் இதே கதைதான். உழைப்பவன் உள்ளே, மாலை வெளியே. நான் அந்த அநியாயத்துக்கு உடன்பட மாட்டேன். மாக்னெட்டோவின் மூடியைத் திறந்து, உள்ளே அழகாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் இட்டு, பக்தியோடு மூடினேன்.

அப்புறம் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், குறடு எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால், கமலத்தின் அரிவாள்மணைக்கும் என் பிரம்புக்கும் பக்கத்தில் வைத்தோம். கற்பூரம் காட்டி முடிந்தது. டூல் பையை எடுக்கக் கை நீட்டினேன்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க! பூஜையில வெச்ச சாமானை நாளைக்குத்தான் எடுக்கணும்."

"அப்போ வண்டி?"

"வண்டி எலுமிச்சம்பழத்துல ஏறிடுச்சுன்னா ஓடலாம். ஸ்பானர் ஓடக் கூடாது."

சாஸ்திரத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கலாம்தான். நீங்கள் உங்கள் வீட்டில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். சும்மா சொல்லக் கூடாது, சிட்டி ஸ்டேஷன் வரைக்கும் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு போயிற்று. ஒரே தொந்தரவு வாழைக்கன்று. காற்று வீசும்போதெல்லாம் ஓர் இலை என் மூஞ்சியில் பளார் என்று அடித்தது. ஒரு கையால் இலையை விலக்கி, ஒரு கையால் ஹாரனை அமுக்கி, மீதிக் கையால்... மீதிக் கை ஏது? அதுதான் கஷ்டம்.

மைசூர் ரயிலிலிருந்து மாமனார் இறங்கினார். கையில் வெற்றிலைப் பெட்டி, குடை. கூடையில் நஞ்சன்கூடு வாழைப்பழம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சைட் காரைப் பூட்டியிருந்த ஒவ்வொரு நட்டையும் குடை நுனியால் தட்டிப் பார்த்தார்.

"இதுல இருந்துதான் என் பொண்ணு ராகியில விழுந்தாளா?"

"விழலைங்க மாமா. சைட் காரோடயே போய் நின்னா."

"சும்னே பேசாதீங்க. ஜட்கா போற ஸ்பீடுல போகணும். தாண்டக் கூடாது."

ஏறி உட்கார்ந்தார். வெயிலுக்குக் குடையை விரித்தார். கிளம்பினோம்.

ஸ்டேஷனைத் தாண்டியதுமே ஒரு வேடிக்கை. எதிரே வந்த ஒருவர் நின்று கும்பிட்டார். அடுத்தாற்போல் இன்னொருவர். சரிகைத் தலைப்பாகை, குடை, மாலை, வாழைக்கன்று... தசரா தர்பாரிலிருந்து வந்த பெரிய மனுஷர் யாரோ என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனந்தராவ் சர்க்கிளில் ஒரு போலீஸ்காரர் எதிர் வண்டிகளையெல்லாம் நிறுத்திவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். மாமனார் லேசாகத் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார். ரிட்டையரான பிறகு அவருக்கு யார் சல்யூட் அடித்தார்கள், பாவம்? முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை ஓரக் கண்ணால் பார்த்தேன். வண்டி பிழைத்தது என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு முடிவதற்குள் ரேஸ் கோர்ஸ் மேட்டில் வண்டி ஒரு தும்மல் போட்டு நின்றது.

உதைத்தேன். உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். ஊஹூம்.

"என்ன மாப்பிள்ளை?"

"கொஞ்சம் இறங்கினீங்கன்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம் மாமா."

"நானா? இப்பத்தான் சல்யூட் வாங்கினேன். நடுரோட்டுல இறங்கி நிக்கறதா? நீங்க தள்ளுங்க."

நீங்கள் பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான்.

மேட்டின் உச்சியில் ஒரு மரநிழலில் நிறுத்திப் பரீட்சை செய்தேன். பெட்ரோல் இருக்கிறது. பிளக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உதைத்தேன். பொறி வருகிறதென்றால் ஷாக் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. ஷாக் அடிக்கவில்லையே என்று கண் கலங்கிய மனிதனை மாமனார் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்திருப்பார். கோளாறு மாக்னெட்டோவில். மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மூடிக்கு ஒரு காலத்தில் கிளிப் இருந்தது. அது இப்போது ஊறுகாய் ஜாடியில் இருக்கிறது. அதற்குப் பதிலாக நானே ஒரு திருகாணி போட்டு இறுக்கி வைத்திருந்தேன். ஸ்க்ரூ டிரைவர் வேண்டும்.

ஒரு ஸ்க்ரூ டிரைவர்தானே? பெங்களூரில் அதற்கா பஞ்சம்?

மாமனாரை மரத்தடியில் விட்டுவிட்டு ஓடினேன். முதலில் ஒரு கொல்லுப் பட்டறை. சுத்தியல், குறடு, துருத்தி எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. "இவத்து முட்டங்கில்ல சாமி" என்று கையை விரித்தார் பட்டறைக்காரர். இன்றைக்குத் தொடவே கூடாதாம். கையில் கொஞ்சம் பொரி கொடுத்து அனுப்பினார்.

அடுத்து ஒரு சைக்கிள் கடை. முதலாளி ஒரு பாய். எனக்கு நம்பிக்கை வந்தது. இவர் வீட்டில் ஏது ஆயுத பூஜை?

"அரே சாப், வீட்டுல இல்ல. கடையில உண்டே! நம்ம பசங்க ஒரு ஸ்போக்கைக்கூட விடாம பூஜையில வெச்சுட்டானுங்க. நான் தொட்டேன்னு வெச்சுக்கோங்க, நாளைக்கு ஒருத்தன் வேலைக்கு வரமாட்டான். பொரி சாப்பிடுங்க சாப்."

பொரிக்கு மட்டும் எங்கும் குறைவில்லை. ஊர் முழுக்க ஒரு திருகாணியைத் திருப்ப நாதியில்லாத ஒரே நாளைப் பார்த்து என் வண்டி நின்றிருக்கிறது! இரண்டு பாக்கெட்டிலும் பொரியோடு திரும்பி வந்தேன்.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார், வெற்றிலை மடித்தபடி. "ஜட்ஜ்மென்ட் எழுதியாச்சு. வாசிக்கறதுதான் பாக்கி. வித்துடுங்க."

என் நெஞ்சு விழுந்தே விட்டது. ஆனால் கண் மட்டும் அவர் கையிலிருந்த பாக்குவெட்டியின் மேல் விழுந்தது. கெட்டி இரும்பு. நுனி தட்டை.

"மாமா... அதைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

"இதையா?" என்று பாக்குவெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இதைப் பூஜையில வெச்சீங்களா?"

மாமனார் யோசித்தார். அமில்தார் யோசனை அது. பட்டா வழக்கு மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெக்கல. உத்யோகத்துக்கு உண்டானதுதான் ஆயுதம். நான் ரிட்டையர்ட். எனக்கேது ஆயுதம்? இது ஆயுதம் இல்ல மாப்பிள்ளை, அத்யாவசியம். எடுத்துக்கோங்க."

பாக்குவெட்டியின் நுனியால் திருகினேன். மூடி கழன்றது. இருவரும் குனிந்து பார்த்தோம்.

காலையில் நான் வைத்த சந்தனம் காய்ந்து, உதிர்ந்து, பொறி உண்டாக்கும் இரண்டு முனைகளுக்கும் நடுவில் போய் அப்பிக்கொண்டிருந்தது. மேலே குங்குமம் வேறு. என் முகத்தில் அசடு வழிந்தது. மாமனாரோ, "உள்ளே கூடவா பொட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பக்தி சரி. சந்தனத்தைச் சுரண்ட வேண்டுமே? கைக்குட்டையால் துடைத்தேன், போகவில்லை.

"சொரசொரப்பா ஏதாவது வேணும் மாமா. தீப்பெட்டியோட பக்கம் இருந்தாக்கூடப் போதும். நம்ம ரெண்டு பேருமே புகை பிடிக்கறவங்க இல்லையே..."

மாமனார் வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலைப்பாகையைக் கழற்றினார். அதற்குள்ளே, மடிப்புக்கு நடுவில், ஒரு தீப்பெட்டி. பக்கத்திலேயே இரண்டு சுருட்டு.

நான் வாயைப் பிளந்தேன். போன வருஷம் இருமலுக்குப் பிறகு, கமலம் இவரைச் சாமுண்டி மலைக்கே கூட்டிக்கொண்டு போய், இனிச் சுருட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கியிருந்தாள்!

"சத்தியம் பண்ணது மைசூர் சமஸ்தானத்துல" என்றார் மாமனார் குரலைத் தாழ்த்தி. "இந்த மேட்டைத் தாண்டினா கண்டோன்மென்ட். வெள்ளைக்காரன் எல்லை. நம்ம சட்டம் இங்க செல்லாது... கமலத்துக்குத் தெரிய வேண்டாம், மாப்பிள்ளை."

தீப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து முனைகளைத் தேய்த்தேன். சுத்தமாயிற்று. மூடியைப் பூட்டி ஓர் உதை. தடதடதட! அதற்குள் மாமனாரும் பற்றவைத்துவிட்டார். எஞ்சின் முதலில் கிளம்பியதா, சுருட்டா என்று சொல்ல முடியாது. அல்சூர் ஏரிக் கரை வரைக்கும் இருவரும் புகையும் சிரிப்புமாக வந்தோம்.

வாசலில் கமலம் நின்றிருந்தாள். அப்பாவைக் கும்பிட்டு எழுந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னப்பா, உங்க மேல இப்படிப் புகை நாத்தம்?"

மாமனாருக்குக் கண் இமைக்கவில்லை. "வண்டிப் புகைம்மா."

"இவ்வளவு புகை விடுற வண்டியா? பார்த்தீங்களா, நான் சொல்லல? வித்துடச் சொல்லுங்கப்பா!"

நான் மாமனாரைப் பார்த்தேன். மாமனார் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் வண்டியின் தலையெழுத்து, சுருட்டின் தலையெழுத்து, என் தலையெழுத்து மூன்றும் அவர் நாக்கு நுனியில் நின்றன.

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "விக்கக் கூடாது. வண்டி நல்ல வண்டி. மாப்பிள்ளை தன் கையால வெச்சுக் காப்பாத்தற வண்டி. உள்ளே கூடப் பொட்டு வெச்சிருக்கார். புகை கொஞ்சம் வரத்தான் வரும். அதோட எனக்கு இந்தக் காத்து ஒத்துக்குது. தினம் ஒரு ரவுண்டு போகணும்."

அப்பீல் கிடையாது என்று சொன்னேனே? கமலம் வாழைப்பழக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அன்றிரவு சாப்பாட்டில் எனக்கு இரண்டு வடை கூடக் கிடைத்தது.

மறுநாள் மைசூர் ரயிலுக்கு அவரை ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. மறுநாள் அவர் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. காலையில் காப்பி ஆனதும் ஒரு ரவுண்டு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு ரவுண்டு. சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் இன்னொன்று. "மெதுவா போங்க மாப்பிள்ளை, வேகமா போனா சுருட்டு சீக்கிரம் தீந்துடுது" என்கிறார். வழியில் நாலு பேராவது கும்பிடாவிட்டால் திரும்ப விடுவதில்லை. சல்யூட் அடித்த அந்தப் போலீஸ்காரருக்காகவே ஆனந்தராவ் சர்க்கிள் வரைக்கும் போய் வருகிறோம். முதல் மணி அடித்த பிறகுதான் நான் பள்ளிக்கூடம் சேர்கிறேன். ஹெட்மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இதற்கு நடுவில் கமலம் வேறு: "அப்பா நெஞ்சுக்கு ஆகாதுங்க. அந்தப் புகையை முதல்ல ரிப்பேர் பண்ணுங்க." என்ன செய்வது? இல்லாத புகையைத் தேடி இந்த ஞாயிற்றுக்கிழமை பூராவும் நன்றாக ஓடும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினேன். அந்தோணிசாமி வந்து நின்று, கார்புரேட்டர்தான் என்றார். ஜாடி நிறைந்துவிட்டது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "சீக்கிரம் முடிங்க மாப்பிள்ளை, ரவுண்டுக்கு நேரமாச்சு!"

கமலம் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. வீட்டில் நான் பேசுவதே போதும் என்பது அவள் அபிப்பிராயம். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். நேற்றுச் சாயங்காலம் மாமனார் மைசூருக்கு ஒரு கார்டு போடச் சொன்னார் — தன் குளிர்காலத் துணிமணிகளை அனுப்பிவைக்கும்படி.

உங்களில் யாருக்காவது நல்ல நிலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டுமா?